விம்பிள்டனில் பன்னிரண்டு கிழமைகள்

1803ஆம் ஆண்டு யூன் 30ஆம் திகதி, ஹம்பேர்க் நகரத்து வணிகர் ஒருவரும் அவரது மனைவியும் தமது பதினைந்து வயது மகனை விம்பிள்டனில் உள்ள ஒரு விடுதிப் பாடசாலையில் விட்டுவிட்டு, இங்கிலாந்தின் வடபகுதியையும் ஸ்கொட்லாந்தையும் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர். செப்டெம்பர் 20ஆம் திகதி வரை, பன்னிரண்டு கிழமைகள், அந்தப் பையன் அங்கே இருந்தான். பெயர் ஆர்தர் ஷோப்பன்ஹவர். வாழ்வு அடிப்படையிலேயே துன்பம் என்பதை ஐரோப்பியத் தத்துவத்தில் மிக அழுத்தமாகச் சொன்னவர் என்று பின்னாளில் பெயர் பெற்றவர்.

பாதிரியார் தோமஸ் லங்காஸ்டர் நடத்திய அந்தப் பாடசாலை இருந்த கட்டடம் இன்றும் விம்பிள்டன் கிராமத்தின் ஹை ஸ்ரீற்றில் நிற்கிறது. ஈகிள் ஹவுஸ் என்று பெயர். 1613இல் அதைக் கட்டியவர் றொபேர்ட் பெல். கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கிய வணிகர்களில் ஒருவர். ஷோப்பன்ஹவர் அங்கே இருந்ததைச் சொல்லும் நினைவுப் பலகை ஒன்றும் உண்டு. மேட்டுக்குக் கீழே எஃப்ரா வீதியில், 1981 முதல் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு வாராவாரம் வரும் எம்மவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பலகையைப் பார்க்க நேர்ந்திருக்காது.

ஒரு தத்துவஞானியின் சரித்திரத்தைச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் மனச்சோர்வு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை எமது வீட்டுப் பிள்ளைகளை வைத்துக் கேட்டால் எமக்குக் கோபம் வருகிறது. 'சாப்பாடு இல்லையா, உடுப்பு இல்லையா, செல் விழுகுதா, என்ன கவலை?' என்று வாயை மூடிவிடுகிறோம். இருநூறு வருடங்களுக்கு முந்திய, எமக்கு எந்த உறவும் இல்லாத ஒரு பையனை வைத்து அதே கேள்வியைக் கேட்டால் சற்று நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அவனுக்கும் சாப்பாட்டுக்கோ உடுப்புக்கோ குறைவிருக்கவில்லை.

*

ஆர்தர் 1788 பெப்ரவரி 22இல் டான்சிக் நகரில் பிறந்தான். (இன்று அது போலந்தின் க்டான்ஸ்க்.) தந்தை ஹைன்றிஷ் ஃப்ளோறிஸ் பெரும் வணிகர், சுதந்திர நகரம் ஒன்றின் பிரசை என்பதில் பெருமை கொண்டவர். 1793இல் பிரஷ்யா அந்த நகரத்தை விழுங்கியபோது, அந்த ஆட்சியின் கீழ் இருக்க மனமில்லாமல், சொத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்து குடும்பத்தோடு ஹம்பேர்க்குக்குப் போனார். பையனுக்கு அப்போது ஐந்து வயது. பணம் இருந்தது, ஊர் இல்லை. எம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1797இல் தங்கை அடேல் பிறந்தாள். அதே வருடம் தந்தை ஒன்பது வயது மகனைப் பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் இருந்த தமது வியாபாரக் கூட்டாளி ஒருவரின் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பிரெஞ்சு மொழி பழகட்டும் என்பது திட்டம். இரண்டு வருடங்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை, சொந்த மொழி இல்லை. பிற்காலத்து அறிவைக் கொண்டு பார்த்தால் பிள்ளை உடைந்திருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் தனது பிள்ளைப்பருவத்தின் மகிழ்ச்சியான காலம் அந்த இரண்டு வருடங்களே என்றுதான் ஷோப்பன்ஹவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த வீட்டார் அவனைத் தம் பிள்ளைபோல் வைத்திருந்தார்கள். அவர்களின் மகன் அன்தீம் அவனுக்குத் தோழன். பதினொரு வயதில் தனியாகக் கப்பலேறி ஹம்பேர்க் திரும்பியபோது ஜேர்மன் மொழி கிட்டத்தட்ட மறந்துபோயிருந்தது.

அதே பிள்ளை பதினைந்து வயதில் விம்பிள்டனில் பன்னிரண்டு கிழமைகளைத் தாங்க முடியாமல் தவித்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

*

விம்பிள்டனுக்கு வரமுன் நடந்ததைச் சொல்லவேண்டும். பையனுக்குப் படிப்பில் ஆசை. ஹம்பேர்க்கில் அவன் படித்த வணிகப் பாடசாலையின் அதிபரும் இவன் கல்விமான் ஆகக்கூடியவன் என்று தந்தையிடம் எடுத்துச் சொன்னார். தந்தைக்கோ வணிகப் பரம்பரை அறுந்துவிடக் கூடாது. மறுப்பதற்குப் பதிலாக அவர் ஒரு தெரிவை முன்வைத்தார்: ஊரில் இருந்து லத்தீன் படித்துப் பல்கலைக்கழகம் போகலாம், அல்லது பெற்றோருடன் ஐரோப்பா முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பியதும் வணிகம் பழகவேண்டும். பதினைந்து வயதுப் பையன் எதைத் தெரிந்தெடுப்பான்? பயணத்தைத் தெரிந்தெடுத்தான். 1803 மே மாதம் புறப்பட்டார்கள். அதே மாதம் பிரித்தானியாவும் பிரான்சும் மீண்டும் போரில் இறங்கின.

இலண்டனில் யூன் 8ஆம் திகதி நியூகேட் சிறைக்கு முன்னால் மூன்று பேர் தூக்கிலிடப்படுவதை அவன் பார்த்தான். நாட்குறிப்பில் எழுதிவைத்தான். மூன்று கிழமைகளில் லங்காஸ்டர் பாதிரியாரின் பாடசாலை.

அது அக்கால ஆங்கில விடுதிப் பாடசாலைகளைப் போன்றதுதான். இயந்திரம்போல் மனனம், கடும் ஒழுங்கு, அடி, ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட பிரார்த்தனைகளும் பிரசங்கங்களும். புல்லாங்குழலும் வரைதலும் வாட்சண்டைப் பயிற்சியும் அவனுக்கு ஓரளவு ஆறுதல். நண்பர் எவரும் வாய்க்கவில்லை. ஹம்பேர்க்கில் இருந்த தோழன் ஒருவனுக்கு அவன் எழுதிய கடிதத்தைப் பார்த்து, ஒரு நாட்டையே வெறுக்கும் அளவுக்கு உன்னை ஆக்கிவிட்டதே என்று அந்தத் தோழன் வருந்தி எழுதினான்.

பெற்றோருக்கும் எழுதினான். அவன் என்ன எழுதினான் என்பதைப் பெரும்பாலும் தாயார் யொஹானாவின் பதில்களிலிருந்தே நாம் அறிகிறோம். இங்கிலாந்தின் மதவெறி இருட்டைப் பற்றிப் பையன் ஆவேசமாக எழுதியிருக்கிறான். தாய் அந்த நடையைக் கேலி செய்கிறார். தனிமையைப் பற்றி எழுதியிருக்கிறான். நீதான் முதலில் போய்ப் பழகவேண்டும் என்று புத்தி சொல்கிறார். கையெழுத்தைத் திருத்தச் சொல்கிறார். தந்தையின் கவலையும் கையெழுத்துத்தான். பின்னாளில் அவர் எழுதிய கடிதங்களில் நிமிர்ந்து நட, கூனாதே என்பதும் சேர்ந்துகொள்கிறது.

யொஹானா கொடியவர் அல்ல. பதினெட்டு வயதில் தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்த மனிதரைக் கட்டிய புத்திசாலிப் பெண். பின்னர் ஜேர்மனியில் புகழ்பெற்ற எழுத்தாளரானவர். அவர் சொன்ன புத்திமதிகளில் ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் நியாயமானதே. ஆனால் பையன் அனுப்பியது 'நான் இங்கே இருக்கமாட்டேன்' என்ற செய்தி. அந்தச் செய்திக்குப் பதில் வரவில்லை. லு ஹாவ்ரில் பிரிவு இருந்தது, ஏந்திக்கொள்ள ஒரு வீடும் இருந்தது. விம்பிள்டனில் பிரிவு மட்டும் இருந்தது.

ஆங்கிலம் நன்றாக வந்தது. எழுபத்திரண்டு வயதில் சாகும்வரை ரைம்ஸ் பத்திரிகையை வாசித்தவர் அவர். 'பாசை பழகிற்றுதுதானே, போதும்' என்று எம்மவர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இதுவும் நினைவுக்கு வரும். பாசை பழகியது, ஆங்கிலப் பாதிரிமார் மேல் கொண்ட வெறுப்பும் அதே பன்னிரண்டு கிழமைகளில் தொடங்கி ஆயுள் முழுவதும் நீடித்தது.

*

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1804இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கைதிகளைக் கண்டு அதிர்ந்தான். 1805 தொடக்கத்தில் வாக்குக் கொடுத்தபடி ஹம்பேர்க்கில் ஒரு வணிகரிடம் வேலை பழகச் சேர்ந்தான். அவ்வருடம் ஏப்ரல் 20ஆம் திகதி தந்தையின் உடல் வீட்டுக்குப் பின்புறக் கால்வாயில் கிடந்தது. களஞ்சிய அறையின் உச்சியிலிருந்து விழுந்திருந்தார். சில காலமாகவே அவர் மறதியும் பயமும் எரிச்சலுமாக மாறியிருந்தார். தந்தை வழியில் மனநோயும் இருந்தது. ஊருக்கு அறிவித்தது விபத்து என்று. தற்கொலை என்றே குடும்பத்தார் நம்பினார்கள். ஆனால் அதைப் பற்றி வாய்திறந்து பேசவில்லை. ஆர்தருக்குப் பதினேழு வயது, அடேலுக்கு ஏழு.

1806இல் தாய் அடேலைக் கூட்டிக்கொண்டு வைமாருக்குப் போனார். பையன் ஹம்பேர்க்கில் தனியே, செத்துப்போன அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, தனக்குப் பிடிக்காத கணக்குப் புத்தகங்களுக்கு முன்னால் இருந்தான். உயிரோடிருக்கும் தகப்பனிடம் வாக்கைத் திருப்பிக் கேட்கலாம். செத்தவரிடம் கேட்க முடியாது. 1807இல் அந்தக் கட்டிலிருந்து அவனை விடுவித்தவர் தாய்தான். நீ விரும்பியதைப் படி என்ற கடிதத்தை வாசித்ததும் அவன் வாய்விட்டு அழுதான். இப்படி ஒரு கடிதம் விம்பிள்டனுக்கு வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் இடையில் இருந்தது ஆறவில்லை. 1814இல் சண்டையிட்டுப் பிரிந்தவர்கள், 1838இல் தாய் இறக்கும்வரை சந்திக்கவேயில்லை. அடேலும் நெடுங்காலம் தனிமையோடும் சோர்வோடும் போராடினாள்.

நோயையும் மூப்பையும் சாவையும் கண்ட புத்தரைப் போலவே தானும் பதினேழு வயதில் வாழ்வின் துயரத்தால் பீடிக்கப்பட்டதாக ஷோப்பன்ஹவர் பின்னாளில் எழுதிவைத்தார். அதை நாம் தத்துவமாக வாசிக்கிறோம். அது ஒரு பதினேழு வயதுப் பையனின் மனநிலை பற்றிய வாக்குமூலமும்கூட. அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோயா என்று இருநூறு வருடங்கள் கழித்துத் தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அவரைச் சுற்றிக் குவிந்தவற்றை எண்ண முடியும்: ஊர் இழப்பு, இடத்துக்கிடம் மாறல், தந்தையின் சொல்லப்படாத நோய், பறிபோன படிப்பு, காதுகொடுக்காத கடிதங்கள், மௌனத்தால் மூடப்பட்ட ஒரு சாவு.

*

இப்படிக் குவிவதைப் பற்றித்தான் மருத்துவ உலகம் மிகப் பிந்திக் கண்டுபிடித்தது. பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வராது, அவர்களின் மனம் அதற்கு முதிரவில்லை என்ற கருத்து உளவியலாளர்களிடையே இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் நிலவியது. 1970களின் தொடக்கத்தில்தான் அது பரவலாகக் கைவிடப்பட்டது. ஆகவே 'சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை' என்று கேட்கும் எங்கள் ஆச்சிமாரை மட்டும் நகைக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவந்து கோப்பை கழுவத் தொடங்கியவன் நான். நிபுணன் அல்ல. நூலகத்தில் எடுத்து வாசித்தவற்றிலிருந்து முக்கியமாகப் பட்ட சிலவற்றைத் தருகிறேன்; பெரும்பாலும் நாம் இன்று வாழும் இதே நகரத்தில் நடந்தவை.

1939 செப்டெம்பரின் முதல் நாட்களில், குண்டுவீச்சுக்குப் பயந்து, இலண்டனிலிருந்தும் ஏனைய பிரித்தானிய நகரங்களிலிருந்தும் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த டிசெம்பரில் ஜோன் போல்பி, டொனால்ட் வினிகொட், இமானுவேல் மில்லர் ஆகிய மூவரும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில், மிகச் சிறிய பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது கடும் மனப்பாதிப்பை உண்டாக்கலாம் என எச்சரித்தனர். 1938இல் வியன்னாவிலிருந்து அகதியாக வந்த அன்னா ஃபிராய்ட், ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்தியபோது கண்டதும் இதுவே: குண்டுச் சத்தம் மட்டும் பிள்ளைகளை அவ்வளவு நொறுக்கவில்லை, தாயை விட்டுப் பிரிந்ததே கூடுதலாகப் பாதித்தது. பதுங்குகுழியில் அம்மாவின் மடியில் கிடந்து வளர்ந்தவர்கள் எங்களில் பலர். இதை நாங்கள் எங்கள் உடம்பாலேயே அறிவோம்.

1960களில் வைற் தீவிலும் பின்னர் தென்னிலண்டனிலும் பிள்ளைகளை ஆராய்ந்த மைக்கல் றட்டர், குடும்பத்தில் ஆறு பாதகங்களைக் கணக்கெடுத்தார்: பெற்றோரின் ஓயாத சண்டை, வறுமையான தொழில்நிலை, நெரிசலான வீடு, தந்தையின் குற்றச்செயல், தாயின் மனநோய், பிள்ளையைப் பிறரிடம் வளர்க்க ஒப்படைத்தல். இவற்றில் ஒன்று மட்டும் இருந்த பிள்ளைகள் ஒன்றுமே இல்லாத பிள்ளைகளைவிட அதிகம் பாதிக்கப்படவில்லை. இரண்டு சேர்ந்தபோது மனநலக் கோளாறுகளுக்கான ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்காகியது. பாரங்கள் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகின்றன.

ஜோர்ஜ் பிறவுணும் ரிறில் ஹறிஸும் தென்னிலண்டனின் கம்பர்வெல் பெண்களிடையே செய்த ஆய்வு 1978இல் நூலாக வந்தது. பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்த பெண்கள் பின்னாளில் துயர் வரும்போது மனச்சோர்வுக்குள் விழும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். 1980களில் வால்தம்ஸ்ரோவில் தொடர்ந்த ஆய்வில் இன்னொன்று தெளிந்தது: தாயின் இழப்பு மட்டுமல்ல, இழப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளையை எவராவது அக்கறையோடு பார்த்தார்களா இல்லையா என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது. லு ஹாவ்ருக்கும் விம்பிள்டனுக்கும் இடையிலான வித்தியாசம் இதுதான்.

எமக்கு மிக நெருக்கமானது 2004இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. இலண்டனில் வாழ்ந்த 40 அகதிப் பிள்ளைகளைப் பற்றியது. நாட்டில் கண்ட கொடுமைகள், குறிப்பாக நெருங்கிய உறவினரின் கொடூரச் சாவு, போர் வடுவான மனநெருக்கீட்டோடு தொடர்புபட்டிருந்தன. மனச்சோர்வோ இங்கே வந்தபின் உள்ள நிலைமைகளோடு தொடர்புபட்டிருந்தது: நிச்சயமில்லாத அகதி விண்ணப்பம், கடும் பணக்கஷ்டம். நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அது சொல்வதை நாம் யோசிக்கவேண்டும். எல்லாவற்றையும் 'அங்கே நடந்தது' என்ற கணக்கில் எழுதிவிட்டு நாம் கைகழுவ முடியாது.

*

நான் வேலை செய்யும் சமையலறையில் ஓர் அண்ணை இருக்கிறார். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "தம்பி, மூத்தவன் மூண்டு மாசமாக் கதைக்கிறானில்லை. கேட்டால் எரிஞ்சு விழுறான். வயித்துக்குத்து எண்டு பள்ளிக்கூடமும் போறானில்லை. பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்வம் எண்டு மனிசி சொல்லுது." டொக்டரிட்டைக் காட்டினீங்களோ என்று கேட்டேன். "காட்டினால் விசர் எண்டு பதிஞ்சு போடுவாங்கள். பிறகு ஆர் பொம்பிளை குடுக்கிறது?" என்றார். பையனுக்குப் பதின்மூன்று வயது.

அர்ச்சனை செய்வதில் பிழையில்லை. ஆனால் அந்த அண்ணை சொன்ன அடையாளங்கள் மருத்துவர்கள் சொல்பவைதான். பிள்ளைகளில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சல், தலையிடி, வயிற்றுக்குத்து, நித்திரைக் குழப்பம், விருப்பமான விளையாட்டை விடுதல், பாடசாலை போக மறுத்தல் என்று வேடம் மாறி வருகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பதின்வயது தொடங்கியதும் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளில் ஏறக்குறைய இருமடங்காகிறது. எமது பெண்பிள்ளைகளுக்கோ வெளியே போகக்கூடாது, சிநேகிதி வீட்டில் தங்கக்கூடாது, ஊர் என்ன சொல்லும் என்ற வேலிகளும் சேர்கின்றன.

எமது வீடுகளில் வேறு என்ன குவிகிறது? அம்மாவும் அப்பாவும் மாறிமாறிச் செய்யும் வேலைகள். அப்பா வரும்போது பிள்ளை நித்திரை, பிள்ளை போகும்போது அப்பா நித்திரை. ஹோம் ஒபிஸ் கடிதத்தைப் பத்து வயதுப் பிள்ளையே உடைத்து வாசித்து அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறது. 'மறுக்கப்பட்டது' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுவதும் அந்தப் பிள்ளைதான். கேஸ் முடியும்வரை வருடக்கணக்கில் எந்த அறையும் சொந்த அறை இல்லை. பாடசாலையில் நிறத்தின் பெயரால் கேலி. வீட்டில், படத்துக்கு மாலை போட்டிருக்கும் மாமா எப்படிச் செத்தார் என்று கேட்டால் 'அதெல்லாம் உனக்கெதுக்கு' என்ற பதில். பிறகு ரியூசன், சட்டன் பக்கத்துக் கிராமர் பாடசாலைகளுக்கான சோதனை, அதற்குமேல் வைத்தியம், பொறியியல், கணக்கியல். 'உனக்காகத்தான் காணியை வித்து வந்தனாங்கள்' என்பது ஹைன்றிஷ் ஃப்ளோறிஸ் மகனிடம் வாங்கிய வாக்கைவிடப் பாரமானது. அவனிடமாவது தெரிவு ஒன்று முன்வைக்கப்பட்டது.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெற்றோரில் பலர் தாமே சோர்வுக்குள் இருப்பவர்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும் தெரியாதவர்கள். யாழ்ப்பாணத்தில் போருக்குள் இருந்து பணியாற்றிய மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, போர் எம்மவர் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றிய நூலை வாசித்தவர்களுக்கு இது புரியும். விண்ணப்பங்களை வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் அரசுக்கும் இதில் பங்குண்டு. ஒரு தாய் நிம்மதியாக நித்திரை கொள்வதற்கு விசா தேவைப்படும் நாட்டில், பிள்ளையின் மனநலம் வீட்டுக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. இங்கிலாந்து முழுவதற்குமான 2023 கணக்கெடுப்பில், எட்டு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருக்கக்கூடும் என்று காணப்பட்டது. ஆகவே இது எமது குடும்பமானத்தைப் பற்றிய பிரச்சினை அல்ல; அயல்வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் வருவது.

செய்யக்கூடியவை பெரியவையல்ல. றட்டரின் கணக்கை மறுபக்கமாக வாசித்தால், குவிந்தவற்றில் ஒன்றை எடுத்தாலே பாரம் பாதிக்குமேல் குறையலாம். ஹோம் ஒபிஸ் கடிதத்தை வாசிக்க வளர்ந்த ஒருவரைத் தேடலாம், ஜி.பி.யிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அது கட்டணமில்லாத சேவை. இரண்டு கிழமைக்குமேல் பிள்ளை மாறிப்போயிருந்தால் ஜி.பி.யிடம் கூட்டிப்போகவேண்டும், பிள்ளைகளுக்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் குளிசை அல்ல, பேச்சுவழிச் சிகிச்சைதான். அதற்கான காத்திருப்பு நீண்டது என்பதால் பிந்தாமல் கேட்கவேண்டும். சாவைப் பற்றிப் பிள்ளை கதைத்தால் ஒருநாளும் பொறுத்திருக்கக்கூடாது. பெற்றோரிடம் சொல்ல முடியாத பிள்ளைகளுக்கு, 1986 முதல் இயங்கும் சைல்ட்லைன் இருக்கிறது. 0800 1111, எந்த நேரமும், பணம் இல்லை. அந்த இலக்கத்தைத் தமிழ்ப் பாடசாலைகளின் அறிவித்தற் பலகையில் ஒட்டிவைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஊரில் எமக்கு ஒரு லு ஹாவ்ர் இருந்தது. அம்மா அடித்தால் அம்மம்மா வீடு. அங்கேயும் சரிவராவிட்டால் பக்கத்து வளவு மாமி. பிள்ளை அழுதால் யாரோ ஒருவர் ஏன் என்று கேட்பார்கள். இங்கே ஒரு கதவை அடைத்தால் எல்லாக் கதவும் அடைபட்டுப்போகிறது. கோயில்களையும் ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் இந்த மண்ணில் கட்டியெழுப்பிய நாங்கள், பிள்ளைகளின் சொல்லைக் கேட்க ஆறுதலாக ஒருவர் இருக்கும் ஓர் அறையையும் அவற்றுக்குள் ஒதுக்க முடியாதவர்கள் அல்ல. அந்த அறையில் புத்திமதி சொல்பவர் வேண்டாம். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருக்கத் தெரிந்த ஒருவர் போதும்.